மூன்றாவது தடவை கேட்டவள்

எங்கள் ஊரில் ஒருவருக்குக் காபி கொடுப்பதென்றால் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டதுமே கப்பைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறவரை நாங்கள் ஆளாகவே மதிப்பதில்லை. "வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்று ஒரு மறுப்பு, "எனக்காக எதுக்கு சிரமம்" என்று இன்னொன்று. மூன்றாவது தடவை கேட்டால்தான் "சரி, அரைக் கப் போதும்" என்று வாயிலிருந்து வரும். அந்த அரைக் கப்பைத் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுப்போம், அவரும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நார்வேயிலிருந்து வந்து இந்த மினசோட்டாக் குளிரில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். குளிரை நாங்கள் தாங்கிக்கொள்வோம், ஆனால் ஒருவரிடம் ஒன்று வேண்டும் என்று வாய்திறந்து கேட்பது மட்டும் எங்களால் ஆகாது.

ஹார்லன் ஸ்கோக்ஸ்டாட்டைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். காபியில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது, பிறகு தெரியும்.

டாமரேக் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரைக் கேட்டாலும் ஹார்லனின் பின்னந்தலையை நன்றாகத் தெரியும் என்பார்கள். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். என் மகனும் மகளும் அவருடைய பேருந்தில்தான் போய்வந்தார்கள். கண்ணிமை உறைகிற ஜனவரிக் காலையில் ஏதாவது ஒரு பிள்ளை கையுறை இல்லாமல் ஏறினால், தன் இருக்கைக்குக் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, "யாரோ விட்டுட்டுப் போனது, உனக்குச் சரியா வருதான்னு பாரு" என்று கொடுப்பார். யாரும் விட்டுவிட்டுப் போனதில்லை. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவரே காசு போட்டு வாங்கி, புதுசாகத் தெரியக் கூடாதென்று ஒரு தடவை துவைத்துப் பெட்டியில் போட்டுவைப்பார். இது அவர் மனைவி டெலோரஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொடுப்பதில் அவ்வளவு நாசூக்கு தெரிந்த மனுஷன். வாங்கிக்கொள்ளத்தான் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வேலை, பான்கேக். ஊரில் யாருக்காவது பெரிய வியாதி வந்தால் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை பான்கேக் விருந்து வைப்போம். வருகிறவர்கள் தங்களால் முடிந்ததைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள், வசூல் நோயாளி வீட்டுக்குப் போகும். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்புக்கல் ஹார்லனுடையது. அதன் முன்னால் நின்று இருநூறு பேருக்குச் சலிக்காமல் புரட்டிப்போடுவார். விருந்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே பெட்ரோல் பங்க்கின் கல்லாப் பக்கத்தில் பெரிய ஐஸ்கிரீம் வாளி ஒன்று வந்துவிடும். மூடியில் நோட்டு நுழைகிற அளவு ஒரு பிளவு, வாளியின் வயிற்றில் நோயாளியின் போட்டோ. அந்தப் பிளவைப் பேனாக்கத்தியால் நேராக வெட்டுவதும் ஹார்லன்தான். அடிமட்டம் வைத்து வெட்டுவார்.

வாளியில் யாருடைய மூஞ்சி ஒட்டப்படுகிறதோ அவருக்கு ஊர் நல்லது செய்யும். செய்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஜாய்ஸ் ஹாகனின் கணவனுக்கு நுரையீரல் கெட்டுப்போனபோது விருந்து நடந்தது. அடுத்த மாதம் அவள் வீட்டு வாசலில் லாரி நின்று ஒரு புது சோபா இறங்கியது. மறுநாள் காலை காபிக் கடையின் பெரிய மேஜையில் ஹார்லன் சொன்னார்: "மாத்திரை விலை ஏறிப்போச்சாம். அதான் சோபாவா வாங்கி முழுங்குறாங்க போல." மேஜை முழுக்கச் சிரித்தது. கவுண்டரில் ஆப்பிள் பை வாங்க நின்றிருந்த நானும் சிரித்தேன். நல்லாத்தான் சொன்னார் என்று வீட்டில் போய் என் கணவரிடமும் சொன்னேன். படுத்தால் மூச்சு முட்டுகிற மனுஷன் உட்கார்ந்தபடி தூங்குவதற்காக வாங்கியது அது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவன் இறந்த பிறகுதான் தெரிந்தது. அப்போதும் யாரும் அவளிடம் போய் எதுவும் சொல்லவில்லை.

இப்படியிருக்க, எழுபத்து மூன்றாவது வயதில் ஹார்லனின் இதயம் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பித்தது. ரத்தம் உள்ளேயே கட்டிக்கொண்டு மூளைக்கு ஏறிவிடாமலிருக்க, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டும் என்றார் டாக்டர். புது மருந்து, மலிவான மாற்று வராத மருந்து. எங்கள் காப்பீட்டின் லட்சணம் எங்களுக்குத் தெரியும், வருடத்தில் சில மாதம் அது பக்கத்தில் நிற்கும், சில மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதங்களில் அந்த ஒரு பாட்டிலுக்கே அவருடைய பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

நான் டாமரேக் நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என் பெயர் லவோன். பிப்ரவரி முதல் வாரம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஹார்லன் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். வியாழன் பத்து மணி என்பது கணக்குப் பார்த்து வருகிற நேரம். ஊரின் பெண்கள் அத்தனை பேரும் தேவாலயத்தில் ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருப்பார்கள்.

"லவோன், அந்தக் கம்ப்யூட்டர்ல டிராக்டர் பாகம் ஒண்ணு தேடணும்" என்றார்.

"தேடுங்க ஹார்லன். யாரும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரும் டிராக்டர் பாகம்தான் தேடுகிறார்கள். டிராக்டரே இல்லாத வாத்தியார் அம்மாகூட ஒருநாள் டிராக்டர் பாகம் தேடினாள். கனடா எல்லையைத் தாண்டினால் அதே கம்பெனி, அதே மாத்திரை, கால் பங்கு விலை. வின்னிபெக்கில் இருக்கிற மருந்துக் கடைகளிடம் இணையத்தில் சொல்லிவைத்துத் தபாலில் வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் பாதிப் பேர் இருப்பார்கள். ஒருவர் வாங்குவது இன்னொருவருக்குத் தெரியாது, எல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் மேஜை டிராயரில் ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். கடையின் பெயர் அந்த மாகாணத்து மருந்தக வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார். டாக்டர் சீட்டைக் கேட்கிறார்களா, மருந்தாளுநர் உன்னோடு நேரில் பேசுகிறாரா என்று பார். சீட்டுக் கேட்காமல் விற்கிறவன் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. மூன்று மாதத்துக்குமேல் அனுப்பச் சொல்லாதே. அந்தத் தாளை ஹார்லனின் கைக்குப் பக்கத்தில், வேறெதற்கோ வைத்ததுபோல, வைத்துவிட்டு வந்தேன்.

முக்கால் மணி நேரம் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, மருந்துச் சீட்டையும் மாத்திரை பாட்டிலையும் வைத்தார். "இது ரெண்டையும் அந்த மிஷின்ல வெச்சு அனுப்பணுமாம். லேபிள் தெரியணுமாம்."

"டிராக்டருக்கா?" என்றேன்.

"பழைய டிராக்டர்" என்றார்.

பாட்டிலை எடுத்தேன். உள்ளே இரண்டோ மூன்றோ மாத்திரை குலுங்கியது. லேபிளில் அறுபது மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு, வாங்கிய தேதி நவம்பர் பன்னிரண்டு என்றிருந்தது. டிசம்பர் நடுவிலேயே காலியாகியிருக்க வேண்டிய பாட்டில் பிப்ரவரியில் குலுங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள நூலகர் படிப்பெல்லாம் தேவையில்லை.

"எல்லாம் நல்லாத்தானே போகுது ஹார்லன்?" என்றேன்.

"பரவால்ல."

"நெஜமாத்தானா?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். சீட்டையும் பாட்டிலையும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் உடனே போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு மனுஷனின் மானத்தில் கைவைப்பதா என்று நினைத்தேன். "இன்னிக்கு மறுபடியும் பனி வருமா?" என்று கேட்டேன்.

"வரும்போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நூலகத் தொலைபேசி அடித்தது. டெலோரஸ் எடுத்துவிடக் கூடாதென்று ஹார்லன் படிவத்தில் எங்கள் எண்ணையும் எங்கள் முகவரியையும்தான் கொடுத்திருந்தார். பேசியது ஒரு பெண்.

"நான் மரிசெல், வின்னிபெக்லேருந்து. மருந்தாளுநர். ஹார்லன் ஸ்கோக்ஸ்டாட் இருக்காரா மேடம்?"

"இல்லையே. என்ன விஷயம்னு குறிச்சு வெக்கட்டுமா?"

"மன்னிக்கணும், அவர்கிட்ட மட்டும்தான் பேசலாம். பேசாம பார்சல் அனுப்ப மாட்டோம்."

பாட்டில் விஷயம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். ஹார்லன் வீட்டுக்குப் போன் போட்டேன். டெலோரஸ்தான் எடுத்தாள்.

"அவர் கேட்ட புத்தகம் வந்திருக்கு டெலோரஸ்" என்றேன்.

"புத்தகமா? கல்யாணமாகி நாப்பத்தெட்டு வருஷத்துல விதை கேட்டலாக் தவிர அந்த மனுஷன் எதையும் படிச்சு நான் பாத்ததில்ல. நல்லா விசாரிச்சியா, வேற ஹார்லனா இருக்கப் போகுது."

பத்து நிமிடத்தில் ஹார்லன் வந்தார். எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அவருக்குக் காது மந்தம் என்பதால் ஒலியைக் கூட்டிவைத்திருந்தேன். அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இருந்தாலும் இரண்டு பக்கமும் கேட்டது.

"இந்த மாத்திரைய எப்படி எடுத்துக்கறீங்க சார்?"

"சீட்டுல எழுதியிருக்குமே."

"சீட்டு என் முன்னாலதான் இருக்கு. நீங்க எப்படி எடுத்துக்கறீங்கன்னு கேட்டேன்."

"பரவால்லம்மா. ஒரு தொந்தரவும் இல்ல."

"லேபிள்ல நவம்பர் பன்னெண்டுன்னு இருக்கு. அதுக்கப்புறம் எங்கயாவது வாங்கினீங்களா?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான், நானாக இருந்தால் இங்கே நிறுத்தியிருப்பேன்.

"எங்கப்பா பிலிப்பைன்ஸ்ல இருக்கார் சார்" என்றாள் மரிசெல். "பட்டினியா இருந்தாலும் சாப்டாச்சுன்னுதான் சொல்வார். அவர்கிட்ட ஒரு கேள்விய திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வளந்தேன். அதனால உங்ககிட்டயும் இன்னொரு தடவ கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடறீங்க?"

ஹார்லன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, பேருந்தில் ஏறும் குழந்தையிடம் பேசுகிறதுபோல் தணிந்த குரலில் சொன்னார்: "முதல்ல ஒரு மாசம் நாளைக்கு ஒண்ணு போட்டேன். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒண்ணு. நாலு நாளா பாட்டில் காலி."

"சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார். தினமும் பத்துப் பேர் என்கிட்ட இதத்தான் சொல்றாங்க. எல்லாரும் கடைசியாத்தான் சொல்றாங்க." அவள் குரலில் இரக்கம் இல்லை, வேலை இருந்தது. "பார்சல் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருக்கக் கூடாது. இன்னிக்கே உங்க ஊர்க் கடையில கொஞ்ச நாளைக்கு மட்டும் வாங்கிப் போடுங்க. உங்க டாக்டருக்கும் இப்பவே ஃபேக்ஸ் அனுப்பறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா? நீங்க சரின்னா அவங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"யாரும் இல்ல" என்றார். அவள் கேட்டாள். "லைப்ரரிக்காரி இருக்கா, அவ எதுக்கு" என்றார். அவள் இன்னொரு தடவை கேட்டாள். ரிசீவரை என் பக்கமாக நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"மேடம், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டா, கையைத் தூக்கச் சொல்லி ஒரு கை கீழ விழுந்துட்டா, பேச்சு குழறினா, உடனே ஆம்புலன்ஸ். கடைசி மாத்திரை எப்பன்னு அவங்ககிட்ட சரியாச் சொல்லணும், அத வெச்சுத்தான் ஊசி போடலாமா வேண்டாமான்னு பாப்பாங்க. அவர் பரவால்லன்னு சொல்வார். நீங்க அத நம்பாதீங்க."

போனை வைத்தேன். ஹார்லன் தொப்பியை மாட்டிக்கொண்டார். "நீ எதையும் கேக்கல, லவோன்."

"கேக்கல" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை கார்ல்சன் வீட்டுப் பொண்ணு வைத்தியத்துக்குப் பான்கேக் விருந்து இருக்கு. அது முடியட்டும். திங்கக்கிழமை கடைக்குப் போறேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஊரே அங்கதான் வரிசைல நிக்கும்."

எங்கள் மருந்துக் கடையில் விலையைச் சத்தமாகச் சொல்வார்கள். பின்னால் நிற்கிறவருக்குக் கேட்கும். அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நானே போய் வாங்கிவந்து அவர் கையில் திணித்திருக்கலாம், யாரோ விட்டுட்டுப் போனது என்று சொல்லி. அவருக்குத் தெரிந்த வித்தைதானே அது. செய்யவில்லை. டாக்டருடைய கிளினிக்கை வெள்ளிக்கிழமை மதியமே பூட்டிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஃபேக்ஸ் திங்கட்கிழமை வரைக்கும் அங்கேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் நல்ல கூட்டம். நான் தட்டோடு வரிசையில் நின்றேன். ஹார்லன் இரும்புக்கல்லுக்கு முன்னால் ஏப்ரனோடு நின்று, வழக்கம்போல எல்லோரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருக்கும்போது ஒரு பான்கேக் தரையில் விழுந்தது.

"என்ன ஹார்லன், தரைக்கும் பசியா?" என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லனும் சிரித்தார். வாயின் பாதிதான் சிரித்தது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். "ரெண்டு கையையும் தூக்குங்க ஹார்லன்."

"என்ன லவோன், போலீஸ்ல சேந்துட்டியா" என்றார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. இடது கை தூக்கிய வேகத்தில் கீழே விழுந்தது. "பரவால்ல" என்றார்.

நான் கத்தினேன். அந்தக் கீழ்த்தளத்தில் வளர்ந்த ஆள் கத்தி யாரும் கேட்டதில்லை. எங்கள் ஆம்புலன்ஸ்காரர்கள் எல்லாம் ஊர்த் தன்னார்வலர்கள், அவர்களும் அதே வரிசையில் தட்டோடுதான் நின்றிருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் ஹார்லனை நாற்காலியில் சாய்த்தார்கள், அதற்குள் ஒருவன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே டெலோரஸைப் பார்த்துக் கேட்டான்.

"ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை போடுறாரா? கடைசியா எப்ப போட்டார்?"

"போடறார். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றாள் டெலோரஸ். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "ஒரு வேளை தவற மாட்டார். இன்னிக்குக் காலைலகூட பாட்டில எடுத்தத நான் பாத்தேன்."

அவள் எதிரில் காலிப் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

ஹார்லன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. சொல்லாதே என்று கெஞ்சுகிற பார்வை. இருநூறு பேர், கையில் தட்டு, ஒருவரும் அசையவில்லை. இன்று காலை மாத்திரை போட்டார் என்று நினைத்தால், ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று பயந்து, ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை ஆஸ்பத்திரியில் தொடமாட்டார்கள். மரிசெல் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

"இல்ல" என்றேன். "ஆறு நாளா போடல. மாத்திரை இல்ல. அதுக்கு முன்னாடியே ரெண்டு நாளைக்கு ஒண்ணுதான் போட்டுக்கிட்டிருந்தார். வாங்க முடியல."

வாங்க முடியல என்ற வார்த்தைதான் அந்த அறையில் விழுந்தது. மற்றதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்தது, மற்றக் கண் சும்மா பாதி திறந்தபடி இருந்தது.

டெலோரஸ் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதது லைப்ரரிக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் பத்து நாளாகத் தெரிந்திருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நேரத்தில் போட்டதால் பிழைத்தார் என்று அங்கே சொன்னார்களாம். பேச்சு நான்கு நாளில் திரும்பியது. இடது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்க்கில் வாளி வந்துவிட்டது. பேருந்தின் படியில் நின்று சிரிக்கிற பழைய ஹார்லன் அதில் ஒட்டியிருந்தார். மூடியில் பிளவு கோணல்மாணலாக இருந்தது. யார் வெட்டியது என்று கல்லாக்காரனைக் கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற ஜாய்ஸ் ஹாகன் பதில் சொன்னாள்.

"நான்தான். சோபால உக்காந்துகிட்டு வெட்டினேன், அதான் கோணிப்போச்சு."

அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்தப் பழைய பேச்சு அப்போதே அவள் காதுக்குப் போயிருக்கிறது, யார் யார் சிரித்தார்கள் என்பதும் போயிருக்கிறது. இருந்தும் போட்டோவைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறாள். என் கைப்பையில் இருந்ததை வாளியில் போட்டேன். போட்டதை அவள் பார்க்கக் கூடாதே என்றும், பார்க்க வேண்டுமே என்றும் இருந்தது. என்ன பிறவியோ நான்.

மார்ச்சில் பார்சல் நூலகத்துக்கு வந்தது. அட்டைப்பெட்டிக்குள் மூன்று டப்பா, ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் பிரெஞ்சு. இடையில் மரிசெல் இரண்டு தடவை நூலகத்துக்குப் போன் செய்தாள். அவர் எப்படி இருக்கார் என்று என்னிடம் கேட்க முடியாது என்பதால், "நான் கூப்பிட்டேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நானும் சொல்லியனுப்பினேன்.

பார்சலை எடுத்துக்கொண்டு ஹார்லன் வீட்டுக்குப் போனேன். டெலோரஸ் கதவைத் திறந்தாள்.

"காபி குடிக்கிறியா?" என்றாள்.

"வேண்டாம் டெலோரஸ், இப்பத்தான் குடிச்சேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அறுபது வருடத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை. அவள் என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஹார்லன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. பார்சலைப் பக்கத்து மேஜையில் வைத்தேன். வலது கையால் ஒரு டப்பாவை எடுத்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"டிராக்டர் பாகம் வந்துருச்சு" என்றார்.

நான் சிரிக்க முயன்றேன். முடியவில்லை. வழியெல்லாம் யோசித்துவைத்ததைச் சொன்னேன். "ஹார்லன், அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லவேண்டியதாப் போச்சு. என்னை மன்னிச்சிருங்க."

"அதுக்கில்ல" என்றார். டப்பாவை மெல்ல ஆட்டினார். புது டப்பா, அட்டைக்குள் அட்டையாக அடைத்திருந்ததால் சத்தமே வரவில்லை. "லேபிளக் காட்ட காலி பாட்டில் போதும் லவோன். இருந்த ரெண்டு மாத்திரைய வீட்ல எடுத்து வெச்சுட்டு வந்திருக்கலாம். வேணும்னுதான் உள்ளயே விட்டுட்டு வந்தேன். குலுங்கினா உனக்குத் தெரியுமேன்னு."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"ரெண்டு தடவ கேட்ட" என்றார் ஹார்லன். "மூணாவதுக்குப் பதில் சொல்லத்தான் தொப்பியைக் கைல வெச்சுக்கிட்டு நின்னேன். நீ பனி வருமான்னு கேட்ட."